ஜப்பானியப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர்: வேலை நாள்களும் விடுமுறை நாள்களும்

ஜப்பானில் ஆங்கில ஆசிரியராகச் சேரும் வாய்ப்பு வந்திருப்பதாகவும், அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும், ஆண்டுக்கு எவ்வளவு விடுமுறை கிடைக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வர முடியுமா என்பவற்றை அறிய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பான் கடலோரத்தில், பனி அதிகம் பொழியும் நீகாத்தா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளிகளில் சில ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் விளக்கமாகவே பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டால் ஆசிரியரும் வீட்டில் இருப்பார் என்ற நம் ஊர் வழக்கம் அங்கே இல்லை. மாணவர்களின் விடுமுறையும் ஆசிரியர்களின் விடுமுறையும் தனித்தனிக் கணக்குகள். இது தெரியாமல் போகிறவர்கள் முதல் கோடைக்காலத்திலேயே ஏமாற்றம் அடைகிறார்கள்.

உங்களுடைய ஆண்டு எப்படி அமையும் என்பதை முடிவு செய்வது நீங்கள் யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான். வெளிநாட்டினரைப் பள்ளிகளில் மொழி கற்பிக்க அழைக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் 1987இல் தொடங்கியது. அதன் வழியே போனால் உள்ளாட்சி அமைப்பின் கல்வி வாரியமோ மாவட்ட அரசோ நேரடியாக உங்களை நியமிக்கும். ஒப்பந்தம் ஓராண்டுக்கானது; புதுப்பித்துக்கொண்டு மொத்தம் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். முதலாண்டுச் சம்பளம் நெடுங்காலம் ஆண்டுக்கு 33 லட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்து, 2025 ஏப்ரலில் 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. இரண்டாவது வழி, ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள். பள்ளி அதே பள்ளிதான், வகுப்பறையும் அதே வகுப்பறைதான். ஆனால் உங்கள் முதலாளி அந்த நிறுவனம். இவற்றில் பல, பள்ளி இயங்காத ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் சம்பளத்தைக் குறைத்தே தருகின்றன. ஒப்பந்தத்தில் மாதச் சம்பளத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு கைக்கு வரும் என்று கூட்டிப் பாருங்கள். மூன்றாவது வழி, எய்கைவா எனப்படும் பேச்சு ஆங்கில வகுப்பு நிலையங்கள். அங்கே மாணவர்கள் பள்ளியும் அலுவலகமும் முடிந்து வருவார்கள் என்பதால் வேலை நண்பகலுக்குப் பிறகு தொடங்கி இரவு 9 மணி வரை நீளும். சனிக்கிழமையே மிகக் கூட்டமான நாள். இத்துறையில் மிகப் பெரியதாக விளங்கிய நோவா நிறுவனம் 2007 அக்டோபரில் நொடித்துப்போய், ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு தெருவில் நின்றார்கள். எனவே நிறுவனத்தின் நிலைமையை விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

விசா பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் ஒரு மொழியைக் கற்பிக்க வருபவர், அந்த மொழியின் வழியாகவே குறைந்தது 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று குடிவரவு விதி கேட்கிறது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் மட்டும் ஆங்கிலவழிக்கு மாறியவர்களுக்கு இது தடையாகக்கூடும். ஆங்கிலவழியில் படித்தவர்கள் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் பயிற்றுமொழிச் சான்றிதழை ஊரில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஒரு நாளைப் பார்ப்போம். காலை 8 மணியை ஒட்டிப் பள்ளியை அடைந்ததும் வாசலில் வெளிக் காலணியைக் கழற்றி அதற்குரிய அடுக்கில் வைத்துவிட்டு, பள்ளிக்குள் மட்டும் அணியும் காலணிக்கு மாற வேண்டும். ஆசிரியர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய அறை. வகுப்பு ஆண்டு வாரியாக மேசைகள் எதிரெதிரே ஒட்டிப் போடப்பட்டிருக்கும். துணைத் தலைமையாசிரியர் முன்வரிசையில் எல்லாரையும் பார்த்தபடி அமர்ந்திருப்பார். அந்த அறையில்தான் பள்ளியின் உயிர் இருக்கிறது. காலைக் கூட்டத்தில் அன்றைய அட்டவணை மாற்றம், வராத மாணவர்கள், பூட்டப்படாத சன்னல் வரை எல்லாம் மளமளவென்று ஜப்பானிய மொழியில் அறிவிக்கப்படும். தொடக்கத்தில் ஒன்றும் புரியாது. ஆனாலும் எழுந்து நின்று எல்லாரோடும் காலை வணக்கம் சொல்வதைத் தவறவிடக் கூடாது.

நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை 50 நிமிடம், தொடக்கப் பள்ளியில் 45 நிமிடம். உங்கள் பதவியின் பெயரே துணை மொழியாசிரியர் என்பதுதான். விதிப்படி வகுப்புக்குப் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து, ஒரு வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடும். அடுத்த வகுப்பில் முழுப் பாடவேளையையும் நீங்களே நடத்துவீர்கள். 2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பெண் உள்ள பாடமாகிவிட்டது. 3, 4ஆம் வகுப்புகளிலும் அயல்மொழிச் செயல்பாடு உண்டு. ஆகவே நடுநிலைப் பள்ளியில் நியமிக்கப்பட்டாலும் வாரத்தில் ஓரிரு நாள் சுற்றுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அனுப்புவார்கள். சிறு குழந்தைகள் காட்டும் உற்சாகத்துக்கு ஈடு கிடையாது. அதற்கு நேர்மாறாக, 14 வயதில் அவர்கள் வாய் மூடிக்கொள்வார்கள். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் அது, உங்கள் மேல் உள்ள வெறுப்பு அன்று. கைதூக்கச் சொல்லாமல் இருவர் இருவராகப் பேசவிட்டால் அதே பிள்ளைகள் பேசுவதைக் காணலாம்.

நண்பகல் உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. தொடக்கப் பள்ளிகளிலும் பெரும்பாலான அரசு நடுநிலைப் பள்ளிகளிலும் கியூஷோகு எனப்படும் பள்ளி உணவு உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் ஏற்பாடு இது. மாணவர்களே வெள்ளை மேலங்கியும் முகக்கவசமும் அணிந்து பாத்திரங்களைத் தூக்கி வந்து ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே உணவை அதே வகுப்பில் அமர்ந்து உண்பார். பிள்ளைகளுக்குப் போகுமுன் தலைமையாசிரியர் அதை உண்டு பார்க்க வேண்டும் என்பதும் முறை. அளவும் சத்தும் கணக்கிட்டுச் சமைக்கிறார்கள், கூடவே ஒரு புட்டி பால். மாணவர்களோடு பாடத்துக்கு வெளியே பேசக் கிடைக்கும் நேரம் இதுதான் என்பதால் இயன்றவரை வகுப்பிலேயே போய் அமருங்கள். ஆனால் நீங்கள் மரக்கறி உணவு மட்டுமே உண்பவரானால், காய்கறிக் குழம்பாகத் தோன்றுவதிலும் உலர்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்த தாஷிச் சாறு இருக்கும். முளைகட்டிய பச்சைப்பயறுப் பொரியலில் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை தரப்படும் உணவுப் பட்டியலில் சேர்பொருள்கள் எழுதப்பட்டிருக்கும். அதை ஒரு சக ஆசிரியரோடு உட்கார்ந்து படித்து, எந்த நாளில் சேர்ந்து உண்பது, எந்த நாளில் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவது என்று முடிவு செய்யலாம். அல்லது பள்ளி உணவே வேண்டாம் என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை. தட்டில் வாங்கிவிட்டு மீதம் வைப்பதைத்தான் முகம் சுளித்துப் பார்ப்பார்கள். மேல்நிலைப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இந்த உணவு கிடையாது, எல்லாரும் டப்பாதான்.

உணவுக்குப் பிறகு துப்புரவு நேரம். மாணவர்களும் ஆசிரியர்களும் கால் மணி நேரம் போல வகுப்பு, படிக்கட்டு, கழிப்பறை என எல்லாவற்றையும் துடைக்கிறார்கள். நான் கற்பித்த பாடங்களைக் காட்டிலும் அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளைகளோடு ஒரே வாளியில் துணியைப் பிழிந்ததுதான் எங்களை நெருக்கமாக்கியது என்று உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மாலை 4 மணியை ஒட்டிக் கிளம்பிவிடலாம். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் கிளம்ப மாட்டார்கள். விளையாட்டு, இசை மன்றங்களை மேற்பார்ப்பதும், பெற்றோரைத் தொலைபேசியில் அழைப்பதும், மறுநாளைக்கு ஆயத்தம் செய்வதுமாக இரவாகிவிடும். 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆசிரியர் ஆய்வில், ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்குச் சராசரியாக 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரியவந்தது. பங்கேற்ற நாடுகளில் அதுவே மிக அதிகம். மிகைநேரத்துக்குத் தனி ஊதியம் தராமல் சம்பளத்தில் 4 விழுக்காட்டை மட்டும் சேர்த்துக் கொடுத்துவந்தது 1971ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் படிப்படியாக 10 விழுக்காடாக உயர்த்த 2025இல்தான் திருத்தம் வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களோடு பாடத்திட்டம் பேச அவர்களுக்கு நேரமில்லாமல் போவது அலட்சியத்தால் அன்று. இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளப் பழகுங்கள். கிளம்பும்போது, முன்னதாகப் போவதற்கு மன்னியுங்கள் என்ற வழக்கமான சொற்றொடரைச் சொல்லிக் கிளம்புங்கள். அதற்கு மேல் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பெரும்பாலான ஊர்களில் மூன்று பருவங்கள். இடையே ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை கோடை விடுமுறை, டிசம்பர் 25ஐ ஒட்டி இரண்டு வாரம் குளிர்கால விடுமுறை, மார்ச் கடைசியில் வசந்த விடுமுறை. வடகோடித் தீவான ஹொக்கைதோவில் கோடை விடுமுறை குறுகியும் குளிர்கால விடுமுறை நீண்டும் இருக்கும். இவை அனைத்தும் மாணவர்களுக்கு. ஆசிரியர்கள் கோடையிலும் வேலைக்கு வருவார்கள், நீங்களும் வர வேண்டும். நேரடி நியமனம் பெற்றவருக்கு இது முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் ஓய்ந்த காலம். ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு ஓரிரு மாணவர்களைத் தயார் செய்வதைத் தவிர அப்போது வேலை பெரும்பாலும் இருக்காது. இந்த நாள்களைச் சலிப்போடு கடத்துபவர்கள் உண்டு. அவை கையில் தரப்பட்ட கொடை என்பதே என் கருத்து. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. ஆகஸ்ட் முழுவதும் மேசையில் அமர்ந்து அமைதியாகப் படித்தால் டிசம்பர்த் தேர்வுக்கு ஒரு நிலை மேலே எழுதலாம். ஐயம் கேட்கச் சுற்றிலும் ஆசிரியர்கள். கோடையில் அவர்களுக்கும் சற்று மூச்சுவிட நேரம் உண்டு.

எல்லாருக்கும் பொதுவான அரசு விடுமுறைகள் ஆண்டுக்கு 16. 2016இல் சேர்க்கப்பட்ட ஆகஸ்ட் 11 மலை நாள்தான் பட்டியலில் இளையது. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அடுத்த வேலை நாளில் ஈடு கிடைக்கும்; இரண்டு விடுமுறைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒற்றை நாளும் விடுமுறையாகிவிடும். இந்த விதியால் சில ஆண்டுகளில் செப்டம்பரிலும் ஐந்து நாள் தொடர் விடுமுறை அமையும். 2015இல் அமைந்தது, 2026இலும் அமைகிறது. ஏப்ரல் 29, மே 3, 4, 5 என்று நெருங்கி வரும் நாள்கள்தாம் கோல்டன் வீக். அதற்குப் பிறகு ஜூலை நடுப்பகுதி வரை ஒரு விடுமுறையும் இல்லை. ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும், துணி உலராது, விடுமுறையும் கிடையாது. ஊர் நினைவு மிகுதியாக வாட்டுவது அப்போதுதான், முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் நாள் விடுமுறையன்று. ஆகஸ்ட் நடுவில் முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் நாள்களும் சட்டப்படி விடுமுறையல்ல. ஆனாலும் 13 முதல் 16 வரை நாடே ஊர் திரும்பிவிடும், பல பள்ளிகள் அந்நாள்களில் ஆசிரியர் அறையையும் பூட்டிவிடும்.

இவற்றுக்கு மேல் நீங்களே எடுக்கக்கூடிய சம்பளத்துடன் கூடிய விடுப்பு, நென்கியூ. ஜெட் திட்டத்தில் நியமிக்கும் அமைப்பைப் பொறுத்து 10 முதல் 20 நாள்கள். தனியார் நிறுவனங்களில் தொழிலாளர் சட்டப்படி ஆறு மாதம் பணியாற்றியபின் 10 நாள்கள் தொடங்கி, ஆறரை ஆண்டில் 20 வரை வளரும். 10 நாளோ அதற்கு மேலோ விடுப்பு உரிமை உள்ளவரைக் குறைந்தது 5 நாளாவது எடுக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று 2019 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. பல உள்ளாட்சி அமைப்புகள் கோடையில் சில நாள் சிறப்பு விடுப்பும் தருகின்றன. விளையாட்டு விழா சனி, ஞாயிற்றுக்கிழமையில் நடந்தால் திங்கட்கிழமை ஈடு கிடைக்கும். புயல் எச்சரிக்கையன்று மாணவர்களை வீட்டில் இருக்கச் சொன்னாலும் ஆசிரியர்களை வரச் சொல்வது வழக்கம். காய்ச்சல் பரவி ஒரு வகுப்பை மூடினாலும் அப்படித்தான். உடல்நலம் குன்றினால் மருத்துவ விடுப்பு தனியாக இருந்தும், உடன் பணிபுரிவோர் தம் நென்கியூவைக் கரைப்பதையே காண்பீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் மருத்துவ விடுப்பு இருந்தால் மருத்துவரின் சீட்டோடு அதையே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

விடுப்புக் கேட்பதற்கு ஒரு முறைமை உண்டு. முதலில் உடன் கற்பிக்கும் ஆசிரியரிடம் அந்த வாரத்தில் தேர்வோ செயல்முறைப் பாடமோ இருக்கிறதா என்று கேளுங்கள்; பிறகு துணைத் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள்; கடைசியில் படிவத்தில், கையெழுத்துக்குப் பதிலாக அங்கே பயன்படும் உங்கள் பெயர் முத்திரையை இட்டுக் கொடுங்கள். முதலில் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அனுமதி கிடைக்கும், ஆனால் மனக்கசப்பு மிஞ்சும். விடுப்பிலிருந்து திரும்பும்போது ஆசிரியர் அறை முழுவதற்கும் தின்பண்டம் கொண்டுவருவது எழுதப்படாத விதி. ஒவ்வொருவர் மேசையிலும் ஒன்று வைக்க வேண்டியிருப்பதால் தனித்தனியாகச் சுற்றியதாக இருக்க வேண்டும். நெய் வடியும் மைசூர்பாக்கைப் பெட்டியோடு கொண்டுபோவதைக் காட்டிலும், தாளில் சுற்றிய கடலைமிட்டாய் அங்கே மிகவும் பொருந்தும்.

இனி நம் பண்டிகைகள். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். அதன் இருபுறமும் நான்கைந்து நாள் நென்கியூ சேர்த்தால் ஊருக்கு வந்து இரண்டு வாரம் தங்கலாம். ஆனால் ஜனவரி 8ஐ ஒட்டி வகுப்புகள் தொடங்கிவிடும், பொங்கலோ ஒரு வாரம் கழித்து வரும். எனவே மார்கழியில் வீட்டில் இருக்க முடியும், தைப் பிறப்புக்கு முன் திரும்ப வேண்டியிருக்கும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் நீண்ட விடுமுறை கிடையாது. 2025இல் தீபாவளி வந்த அக்டோபர் 20 அங்கே சாதாரணத் திங்கட்கிழமை. சித்திரை முதல் நாள், புதுக் கல்வியாண்டு தொடங்கிய மறுவாரம். ஆசிரியர்களில் பலர் மார்ச் இறுதியில் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டு, புது முகங்கள் நிறைந்த அறையில் எல்லாரும் திணறிக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போது மட்டும் விடுப்புக் கேட்காதீர்கள். மதுரைக்காரராக இருந்தால் ஒரு ஆறுதல் உண்டு: சில ஆண்டுகளில் சித்திரைத் திருவிழா கோல்டன் வீக்கோடு ஒட்டி வரும். 2023இல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 5ஆம் நாள். டோக்கியோவுக்கு எட்டும் தொலைவில் இருந்தால், டோக்கியோ தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் போகலாம். இந்தியர் மிகுந்து வாழும் நிஷிகசாயில் மளிகையும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊருக்கு வர இயலும் என்றால் ஆகஸ்ட் பிற்பகுதியையே தேர்ந்தெடுங்கள். ஓபோன் நெரிசல் அடங்கிப் பயணக் கட்டணம் இறங்கியிருக்கும், பள்ளியிலும் யாருக்கும் இடையூறு இராது.

ஆனால் எல்லா விடுமுறையையும் ஊருக்கே செலவிட்டுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு புத்தாண்டையாவது அங்கே கழியுங்கள். டிசம்பர் 31 இரவு சோபா நூடுல்ஸ் உண்டு, கோயில் மணி 108 முறை ஒலிப்பதைக் கேட்டு, பனியில் வரிசையில் நின்று முதல் வழிபாட்டுக்குச் செல்லும்போது உங்கள் மாணவர்கள் குடும்பத்தோடு எதிரே வருவார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஓடிவந்து பாட்டிக்கு உங்களை அறிமுகம் செய்யும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவோமோரியின் நெபுதா, அகிதாவின் கான்தோ, மாத நடுவில் தொக்குஷிமாவின் அவா ஒதோரி என்று திருவிழாக்கள் தொடர்ந்து வரும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ் அங்கே குடியிருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. அதற்கு மாற்றாக, பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்கும் செய்ஷுன் 18 சீட்டு இருக்கிறது. அதிவேக ரயில்களைத் தவிர்த்துச் சாதாரண ரயில்களில் எவ்வளவு தொலைவும் போகலாம். 2024 குளிர்காலம் முதல் அது தொடர்ச்சியான 3 நாளுக்கு 10,000 யென், 5 நாளுக்கு 12,050 யென்.

பணத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். உள்ளூர்க் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு. முதலாண்டில் ஊர் வருமானம் கணக்கில் வராததால் அந்த வரி இராது, பின் ஒரு ஜூன் மாதத்தில் திடீரென்று வந்து நிற்கும். அதற்கெனச் சேமித்து வையுங்கள். மற்றொன்று ஓய்வூதியம். மாதந்தோறும் பிடிக்கப்படும் பங்களிப்பில், நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பியபின் ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம்; 2021 முதல் 5 ஆண்டுவரை பணியாற்றிய காலம் அதற்குக் கணக்கிடப்படுகிறது. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருப்பதால், இரு நாட்டுப் பணிக்காலத்தையும் ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்த்துக் காட்டும் வழியும் உண்டு. ஆனால் தொகையைத் திரும்பப் பெற்றுவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும். எனவே கிளம்புகிற ஆண்டில், பெட்டி கட்டத் தொடங்கும் முன்பே ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒரு முறை போய்க் கணக்கைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.